பறந்ததா, பறந்தனவா?

(மொழி ஆசிரியர்களுக்கான கருத்தரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இணையத்தில் சேர்ந்து எழுதும் மாணவர்களுக்குக் கணினிக் கருவிகள் எப்படித் துணைசெய்கின்றன என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு மாணவர்கள் ஒரே பக்கத்தில் சேர்ந்து எழுதும்போது, ஒரு சொல்லில் இருவரும் தடுக்கி நின்று ‘இதுவா, அதுவா’ என்று வாதிடுகிறார்களே, அந்த இரண்டு நிமிடத்தில்தான் அவர்களுக்கு மொழி படிகிறது. அந்த வாதத்துக்கு இடம் கொடுக்கும் கருவியை வகுப்புக்குள் கொண்டுவாருங்கள். வாதம் எழுவதற்கு முன்பே பிழையைத் துடைத்துவிடும் கருவியைக் கொஞ்ச நேரம் தள்ளி வையுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. சிங்கப்பூரில் பள்ளிப் பாடமாகத் தமிழ் படிக்கும் ஒரு மாணவி. டொராண்டோவில் வார இறுதித் தமிழ் வகுப்புக்குப் போகும் ஒரு மாணவன். இருவரும் சேர்ந்து இணையத்தில் ஒரு கதை எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவள், ‘சத்தம் கேட்டதும் பறவைகள் பறந்தது’ என்று எழுதுகிறாள். அவன் அந்தச் சொல்லைக் குறித்து, ஓரத்தில் ‘பறந்தனவா?’ என்று ஒரு கேள்வி போடுகிறான். அவள், ‘எங்க பாட்டி பறந்துச்சுன்னுதான் சொல்வாங்க’ என்கிறாள். ‘எங்க பாட்டியும்தான். ஆனா நிறைய பறவைன்னா எழுதறப்போ பறந்தன’ என்கிறான். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு அவள், ‘அப்படீன்னா மேலே பழங்கள் விழுந்ததுன்னு எழுதினேனே, அதுவும் தப்பா?’ என்று கேட்டுவிட்டு, தானே மேலே போய் ‘விழுந்தன’ என்று மாற்றுகிறாள்.

இந்த நான்கு வரி உரையாடலில் எத்தனை நடந்துவிட்டது என்று பாருங்கள். நம் பேச்சுத்தமிழில் அஃறிணை ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே வினைமுற்றுதான்; எழுத்துத்தமிழ் இரண்டையும் பிரிக்கிறது. வீட்டுத் தமிழோடு வளரும் பிள்ளைக்கு இந்த இடம் இயல்பாகவே வழுக்கும். அங்கே அவள் வழுக்கினாள், ஒருவன் கேட்டான், அவள் பாட்டியைச் சாட்சிக்கு அழைத்தாள், விதி வெளியே வந்தது, அந்த விதியை யாரும் சொல்லாமலே இன்னோர் இடத்தில் பொருத்தினாள். ஆசிரியர் கரும்பலகையில் ஒருமை பன்மை நடத்தியிருந்தால் இவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்காது. எழுத்துப்பிழை திருத்தியிடம் கொடுத்திருந்தால் அது பேசாமல் கடந்து போயிருக்கும். ‘பறந்தது’ தன்னளவில் பிழையில்லாத சொல்தானே!

இதைக் கோட்பாடாக வலியுறுத்தியவர்களில் முதன்மையானவர் கனடாவின் மெரில் ஸ்வெய்ன். மான்ட்ரியல் நகரை அடுத்த செயின்ட் லாம்பர்ட்டில் 1965இல் ஒரு கல்விச் சோதனை தொடங்கியது. வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்கு மழலையர் வகுப்பிலிருந்தே பிரெஞ்சில் பாடம் நடத்தினார்கள். இந்த முறை கனடா முழுவதும் பரவியது. பிரெஞ்சைக் கேட்டும் படித்தும் புரிந்துகொள்வதில் இந்தப் பிள்ளைகள் பிரெஞ்சு வீட்டுப் பிள்ளைகளை நெருங்கிவிட்டார்கள். ஆனால் பேசும்போதும் எழுதும்போதும், ஆண்டுகள் பல ஆன பிறகும், இலக்கணப் பிழைகள் விடாமல் தொடர்ந்தன. நிறையக் கேட்டால் மொழி தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை அங்கே ஆட்டம் கண்டது. கற்பவர் தானே மொழியை உருவாக்க முயல வேண்டும் என்று ஸ்வெய்ன் 1985இல் எழுதினார். முயலும்போதுதான் தனக்கு எது தெரியவில்லை என்பது அவருக்கே தெரியவரும் என்று பின்னர் விளக்கினார். ஆங்கில வழியில் பள்ளிப்படிப்பு முழுவதையும் முடித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்து, ஒரு விடுப்புக் கடிதத்தில் தடுமாறும் நம் மாணவரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1998இல் ஸ்வெய்னும் ஷாரன் லாப்கினும் எட்டாம் வகுப்பு மாணவர் இருவர் சேர்ந்து பிரெஞ்சில் ஒரு படக்கதைக்கு எழுத்து வடிவம் தருவதைப் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். காலையில் அலாரம் அடிக்கும் கதை. அலாரக் கடிகாரத்துக்குப் பிரெஞ்சில் என்ன சொல் என்பதிலேயே இருவரும் சிக்கிக்கொண்டு, ஒன்றைச் சொல்லிப் பார்த்து, மாற்றிப் பார்த்து, இழுபறியில் ஒரு முடிவுக்கு வருகிறார்கள். ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட இடங்களை ஒவ்வொன்றாக எடுத்து, மொழியைப் பற்றியே மாணவர் பேசிக்கொள்ளும் தருணங்கள் என்று வகைப்படுத்தினார்கள். கூட்டு எழுத்தை ஆராய்பவர்கள் இன்றுவரை கையில் எடுக்கும் அளவுகோல் இதுதான்.

கணினிக்கு வருமுன் இத்தாலிக்கு ஒருமுறை போய்வருவோம். ஃபிளாரன்ஸுக்கு வடக்கே மலைமேல் பார்பியானா என்று ஒரு சிற்றூர். அங்கே லொரென்ஸோ மிலானி என்ற பாதிரியார், அரசுப் பள்ளிகள் தேர்வில் தோற்கடித்து வெளியே அனுப்பிய உழவர் வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாடம் சொன்னார். அந்தப் பிள்ளைகளில் எட்டுப் பேர் சேர்ந்து எழுதிய ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ என்ற நூல் 1967இல் வெளிவந்து, உலகின் பல மொழிகளுக்குச் சென்றது. அதை அவர்கள் எழுதிய முறை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. ஒவ்வொருவரும் தோன்றும் எண்ணத்தை ஒரு துண்டுச்சீட்டில் எழுதுவார்கள். ஒரு சீட்டில் ஓர் எண்ணம். பிறகு எல்லாச் சீட்டுகளையும் பெரிய மேசைமேல் பரப்பி, ஒன்றுபோல இருப்பவற்றை நீக்கி, இனம் பிரித்து அடுக்கி, அத்தியாயமாக்கி, உரக்கப் படித்து, தேவையற்ற சொல்லை எல்லோரும் சேர்ந்து வெட்டுவார்கள். கூச்சப்படும் பிள்ளையின் சீட்டும் கெட்டிக்காரப் பிள்ளையின் சீட்டும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒரு சொல்லை வெட்ட வேண்டுமென்றால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. நல்ல கருவிக்கு என்ன இலக்கணம் என்று என்னைக் கேட்டால் அந்த மேசையைத்தான் காட்டுவேன்.

அந்த மேசையைத் தொலைவில் இருக்கும் இருவர் பகிர்ந்துகொள்ள முடியும் என்பதை 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பர்ட் காட்டினார். மேடையில் அவர், சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி மென்லோ பார்க்கில் அவருடைய சகா, இருவர் திரையிலும் ஒரே ஆவணம். ஆனால் இருவரும் ஒரே நொடியில் தட்டச்சு செய்தால் என்ன ஆகும்? ஒருவர் வரியின் தொடக்கத்தில் ஐந்தெழுத்துச் சொல் ஒன்றைச் சேர்க்கிறார். அதே நொடியில் மற்றவர் இருபதாம் இடத்து எழுத்தை அழிக்கிறார். முதலாமவர் திரையில் அந்த எழுத்து இருபத்தைந்தாம் இடத்துக்கு நகர்ந்துவிட்டது. அழிக்கச் சொல்லும் கட்டளை அங்கே அப்படியே போனால் வேறோர் எழுத்து பலியாகும். கட்டளை போய்ச் சேரும்போதே அதன் எண்ணை மாற்றிக் கொடுக்கும் வழியை 1989இல் கிளாரன்ஸ் எல்லிஸ், சைமன் கிப்ஸ் என்ற இருவர் வகுத்தார்கள். நம் பிள்ளைகள் இன்று ஒரே வரியில் இருவராக எழுத முடிவதற்கு அடியில் கிடப்பது அந்த உழைப்பு.

2008இல் ஈதர்பேட் என்ற இணையக் கருவி வந்தது. இருவர் எழுதுவது உடனுக்குடன் தெரியும். ஒவ்வொருவர் எழுத்துக்கும் ஒரு நிறம். பக்கத்திலேயே அரட்டைக்கு ஒரு பட்டை. முழுப் பக்கமும் எப்படி வளர்ந்தது என்பதைத் தொடக்கத்திலிருந்து ஓட்டிப் பார்க்க ஒரு நகர்த்தி. பெரும்பாலும் கணக்குத் தொடங்க வேண்டியதே இல்லை. பெயரும் நிறமும் போதும். சிறு பிள்ளைகளுக்கு அதனாலேயே இதைப் பரிந்துரைக்கிறேன். கூகுள் டாக்ஸில் 2014இல் பரிந்துரை முறை சேர்ந்தது. இந்த முறையில் ஒருவர் மற்றவர் எழுத்தைத் திருத்தினால் பழைய சொல் அழிந்துபோவதில்லை; கோடிட்டு நிற்கும், பக்கத்தில் புதிய சொல் வேறு நிறத்தில் காத்திருக்கும். எழுதியவர் ஏற்கலாம், மறுக்கலாம், ஏன் என்று கேட்கலாம்.

என் பார்வையில் மொழி வகுப்புக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி இந்தப் பரிந்துரை முறை. நம் பிள்ளைகளுக்கு அடுத்தவர் எழுத்தில் கைவைக்கக் கூச்சம். ‘அக்கா எழுதினதை நான் எப்படி மாத்தறது?’ என்பார்கள். இரண்டாம் ஆண்டு மாணவியையும் முதலாம் ஆண்டு மாணவியையும் சேர்த்து உட்காரவைத்தால், சின்னவள் பிழையைப் பார்த்துவிட்டும் வாய் திறக்கமாட்டாள். பரிந்துரை முறையில் அவள் எதையும் மாற்றுவதில்லை, கேட்கிறாள். மரியாதையும் குறைவதில்லை, பிழையும் மறைவதில்லை. அதைப் பார்த்த பெரியவள் காரணம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் கருவியை வைத்துவிட்டால் வாதம் தானாக நடந்துவிடுமா? நடக்காது. மெக்சிகோவின் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆங்கில ஆசிரியர்களாகப் பயிற்சி பெற்றுவந்த 40 மாணவர்கள் விக்கிப் பக்கத்தில் சேர்ந்து எழுதியதைக் கிரெக் கெஸ்லர் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார். யாருடைய எழுத்தையும் யாரும் திருத்தலாம் என்ற முழுச் சுதந்திரம். அவர்கள் கருத்தைச் சேர்த்தார்கள், விளக்கினார்கள், ஒருவர் சொன்னதை இன்னொருவர் செம்மைப்படுத்தினார். பொருள் புரிவதற்குக் குறுக்கே நிற்காத இலக்கணப் பிழைகளைப் பெரும்பாலும் தொடாமலே விட்டார்கள். நாளைக்கு இலக்கணம் கற்பிக்கப்போகிறவர்களே அப்படி! பிழை கண்ணில் பட வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு வேளையை ஆசிரியர் ஒதுக்க வேண்டும். முதல் நாள் கதை மட்டும்; மறுநாள் அதே பக்கத்தில் வினைமுற்றுகளை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

யாரோடு யாரைச் சேர்ப்பது என்பதிலும் கவனம் வேண்டும். மெல்போர்னில் நியோமி ஸ்டார்ச், ஆங்கிலம் கற்கும் மாணவ இணைகளைக் கவனித்து 2002இல் நான்கு வகை உறவுகளைக் காட்டினார்: இருவரும் கைகோப்பது, இருவரும் முட்டிக்கொள்வது, ஒருவர் ஆள மற்றவர் அடங்கிப்போவது, தெரிந்தவர் தெரியாதவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வது. முதல் வகையிலும் கடைசி வகையிலும்தான் கற்றது நிலைத்தது. அவருடைய 2005ஆம் ஆண்டு ஆய்வு, சிறியதுதான் என்றாலும், இன்னொன்றைச் சொல்கிறது: இணையாக எழுதியவர்களின் கட்டுரைகள் தனியாக எழுதியவர்களுடையதைவிடச் சின்னவை, ஆனால் திருத்தமானவை. பக்கக் கணக்குப் பார்க்கும் ஆசிரியருக்கு இது ஏமாற்றமாக இருக்கும்.

ஆள்வதும் அடங்குவதும் வகுப்பறையில் நம் கண்ணுக்குத் தப்பிவிடும், இணையத்தில் தப்பாது. திருத்த வரலாற்றைத் திறந்தால் யார் எழுதினார், யார் அழித்தார், யார் கடைசி நாளில் மட்டும் வந்து ஒரு வரி சேர்த்தார், எல்லாம் இருக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் உருவான டாக்குவிஸ் என்ற கருவி, அந்த வரலாற்றை வண்ணப் பட்டைகளாக வரைந்து காட்டியது. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு தூண், ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். முழுக்க ஒரே நிறமாக எழும் படத்தைப் பார்த்ததும் எந்த இணையோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். இதைப் பிள்ளைகளை மாட்டிவிடும் உளவுக் கருவியாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்கிறேன். கண்காணிக்கப்படுகிறோம் என்று தெரிந்த பிள்ளை தப்பான சொல்லைப் போட்டுப் பார்க்கத் துணியாது. துணியாத இடத்தில் வாதமும் இருக்காது.

இனி நம் தமிழுக்கான கருவிகள். தட்டச்சிலிருந்தே தொடங்கலாம். வெளிநாட்டுப் பிள்ளைகளில் பலர் ஆங்கில எழுத்தில் ஒலிப்படி தட்டித் தமிழ் எழுதுகிறார்கள். பல்லிக்கும் பள்ளிக்கும் ஆங்கில எழுத்துகள் ஒன்றே என்பதால், இரண்டும் கீழே பட்டியலில் வந்து நிற்கும். பிள்ளை ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். பலரும் இதை இடைஞ்சல் என்கிறார்கள். லகர ளகர வேறுபாடு காதில் தங்காத பிள்ளைக்கு, ஒவ்வொரு சொல்லிலும் இது ஒரு சின்னத் தேர்வு; இரண்டு பேர் சேர்ந்து எழுதினால் ‘சுவத்துல இருக்கிற பல்லியா, படிக்கிற பள்ளியா?’ என்று ஒருவர் கேட்கப் போதுமான இடைவெளி. முதல் சொல்லைத் தானே போட்டுவிட்டு நகரும் அமைப்பை வகுப்பு நேரத்தில் அணைத்துவைப்பது நல்லது.

தமிழில் பிழை திருத்தி செய்வது எளிய வேலை இல்லை. ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கும்’ என்பது நமக்கு ஒரே சொல். இப்படி ஒரு வினையடியிலிருந்து விரியும் வடிவங்களை எல்லாம் பட்டியலில் அடக்க முடியாது. சொல்லைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த நிரல் வேண்டும். நீச்சல்காரன் என்ற பெயரில் இயங்கும் மென்பொருளாளர் தன் ஆர்வத்தால் ‘வாணி’ என்ற எழுத்துப்பிழை திருத்தியையும் ‘நாவி’ என்ற சந்திப்பிழை திருத்தியையும் உருவாக்கி இணையத்தில் வைத்திருக்கிறார். தமிழ் கற்பிக்கும் ஒவ்வொருவரும் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் ‘அவனை பார்த்தேன்’ என்ற வரியில் திருத்தி காட்டும் ‘ப்’ஐ மாணவர் அப்படியே ஒட்டிவிட்டால், அடுத்த வரியில் ‘அவளை கேட்டேன்’ என்றுதான் எழுதுவார். ஆகவே ஒரு சிறு கட்டுப்பாடு போதும்: திருத்தி சொன்னதை ஏற்பவர், ஏன் என்று ஓரத்தில் ஒரு வரி எழுத வேண்டும். தெரியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்று எழுதி இணையைக் கேட்க வேண்டும். ‘ஐ’ உருபு வந்திருப்பதை இருவரில் ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். இல்லையென்றால் அதுதான் அன்றைக்கு நீங்கள் நடத்த வேண்டிய பாடம்.

ஆங்கிலம் கற்பிப்போர் இன்னொரு கருவியையும் பயன்படுத்தலாம். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் டிம் ஜான்ஸ், விதியைச் சொல்லிக்கொடுப்பதற்குப் பதிலாக, உண்மையான நூல்களிலிருந்து ஒரு சொல் வரும் வரிகளை அடுக்கிக் காட்டி, விதியை மாணவரையே கண்டுபிடிக்கச் செய்தார். இன்று மார்க் டேவிஸ் தொகுத்த அமெரிக்க ஆங்கிலத் தரவகத்தில் 100 கோடிக்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. ‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குப் பின்னால் ‘அபௌட்’ போடுவது நம் ஊரில் எல்லோருக்கும் பழக்கம். ஒருவர் போடுகிறார், இணை சந்தேகப்படுகிறார். இருவரும் தேடிப் பார்க்கிறார்கள். வரிக்கு வரி, பேசப்பட்ட பொருள் வினையை ஒட்டியே வருகிறது. யாரும் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. சாட்சிகள் வரிசையாக நிற்கிறார்கள்; தீர்ப்பை இருவரும் எழுதுகிறார்கள்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின், ‘இனி எதற்குச் சேர்ந்து எழுதுவது?’ என்ற கேள்வி ஆசிரியர் அறைகளில் கேட்கிறது. பக்கத்தை அதனிடம் கொடுத்தால் பிழை நீங்கிய பக்கம் நொடியில் வருகிறது. பிழையோடு சேர்ந்து வாதமும் போய்விடுகிறது என்பதுதான் என் கவலை. தடை போடச் சொல்லவில்லை, தடை நிற்காது. இருவரும் தங்கள் விடையை ஓரத்தில் எழுதிவைத்த பிறகு, இருவருக்கும் ஒத்துப்போகாத இடத்தில் மட்டும், அதைக் கேட்கட்டும். கேட்கும்போதும் ‘திருத்து’ என்று கேட்காமல் ‘எங்கள் இருவரில் யார் சொல்வது பொருந்தும், ஏன்?’ என்று கேட்கட்டும். அது சொல்லும் காரணத்தை இலக்கண நூலோடு ஒப்பிடட்டும். தமிழ்ச் சந்தியில் அது உறுதியான குரலில் தவறு சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தவறைப் பிடித்த மாணவியின் முகத்தில் வந்த பெருமிதத்தையும் பார்த்திருக்கிறேன்.

சற்று முன்னேறியவர்களுக்கு, தமிழ் விக்கிப்பீடியாவைவிட நல்ல களம் எனக்குத் தெரியவில்லை. 2003இல் தொடங்கியது. ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ஓர் உரையாடல் பக்கம், ஒரு வரலாற்றுப் பக்கம். எழுதிப் பழக மணல்தொட்டி. அங்கே ஒரு கலைச்சொல்லுக்காக இலங்கையிலிருந்து ஒருவரும் தமிழ்நாட்டிலிருந்து ஒருவரும் பொறுமையாக வாதிட்டிருப்பதை மாணவர்களைப் படிக்கச் சொல்லுங்கள். பெரியவர்களும் சொல்லுக்காக நின்று யோசிக்கிறார்கள் என்பது அவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

எல்லோரிடமும் கணினி இல்லையே என்று நீங்கள் கேட்பீர்கள். தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் பல வீடுகளுக்கு முதல் கணினியைக் கொண்டுவந்தது. ஆனாலும் இன்று பெரும்பாலான பிள்ளைகள் எழுதுவது கைப்பேசியில்தான். சிறிய திரையில் ஓரக்குறிப்பைத் திறப்பதே சிரமம். அங்கே பக்கத்தை ஒருபுறம் வைத்துக்கொண்டு, வாதத்தை வாட்ஸ்அப் குரல் பதிவில் நடத்தச் சொல்லுங்கள். குரலில் பிள்ளைகள் தாராளமாகப் பேசுகிறார்கள். எழுதத் தயங்கும் காரணத்தைச் சொல்லிவிடுகிறார்கள். வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் அப்பா இரவு வந்த பிறகுதான் என்றால், இருவரும் ஒரே நேரத்தில் எழுதும் பணியைக் கொடுக்காதீர்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடரும்படி அமையுங்கள். அதுவும் இல்லையென்றால் துண்டுச்சீட்டு இருக்கிறது.

கடைசியாக மதிப்பெண். நாம் எதற்கு மதிப்பெண் தருகிறோமோ அதைத்தான் பிள்ளைகள் செய்வார்கள். முடிந்த பக்கத்துக்கு மட்டும் மதிப்பெண் தந்தால், கெட்டிக்காரப் பிள்ளை எழுதும், மற்றது பெயரைப் போட்டுக்கொள்ளும், இயந்திரம் மெருகேற்றும். ஆகவே சரிபாதியை ஓரக்குறிப்புகளுக்குக் கொடுங்கள். எத்தனை குறிப்பு என்று எண்ண வேண்டாம். எண்ணினால் வெறும் ‘சூப்பர்’, ‘ஓகே’ என்று நிரப்பிவிடுவார்கள். தங்களுக்குள் நடந்த மிகச் சிறந்த வாதம் என்று நினைக்கும் இரண்டை மாணவர்களே தேர்ந்தெடுத்துக் கொடுக்கட்டும். அதில் தவறான முடிவுக்கு வந்திருந்தாலும், காரணம் யோசித்திருந்தால் மதிப்பெண் உண்டு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். முழுப் பக்கத்தையும் சிவப்பு மையால் நிரப்பும் நேரம் உங்களுக்கு மிச்சமாகும். அந்த நேரத்தில் இந்த இரண்டு வாதங்களைப் படித்து, பக்கத்தில் ஒரு வரி பதில் எழுதுங்கள்.

இதை உங்கள் வகுப்புகளில் ஏற்கெனவே செய்து பார்த்தவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். எங்கே நடந்தது, எங்கே நடக்கவில்லை என்று அவர்கள் முதலில் பேசட்டும். கேள்விகளை அதன்பின் எடுத்துக்கொள்வோம்.